பூக்கும் வாரம் எங்கே தொடங்குகிறது?

"நட்டு மூணு மாசம் ஆச்சு, இலை இலையாத்தான் வருது, மொட்டைக் காணோம்." செடி வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் புலம்பல் எப்படியும் வந்துவிடும். கேட்பவரும் உடனே "என்ன உரம் போட்டீங்க?" என்று ஆரம்பிப்பார். பேச்சு உரம், தண்ணீர், வெயில் என்று சுற்றிச் சுற்றி வரும். "ராத்திரியில் அந்தச் செடிமேல் விளக்கு வெளிச்சம் விழுதா?" என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சாமந்தி, பாயின்செட்டியா, கலஞ்சோ, கஞ்சா மாதிரியான செடிகள் பூக்கவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

இந்தச் செடிகளைப் பூக்கும் பருவத்தில் வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறிப்பெழுதும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. "இப்போது நாலாவது வாரம், மொட்டு மிளகு அளவு" என்கிற மாதிரி எழுதுவார்கள். புதிதாக வருபவருக்கு இதில் ஒரு சந்தேகம் வர வேண்டும். நாலாவது வாரம் என்றால் எதிலிருந்து நாலு? விதைத்த நாளிலிருந்தா, தொட்டிக்கு மாற்றிய நாளிலிருந்தா, மொட்டு கண்ணில் பட்ட நாளிலிருந்தா? இந்தத் தொடக்கம் சரியாகத் தெரியாவிட்டால் அந்த நாலு வெறும் எண்தான். தெரிந்துவிட்டால், செடி அடுத்து என்ன செய்யும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதற்குச் செடி காலத்தை எப்படி அளக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பூக்காத புகையிலை

1910-களில் பாரிஸில் ஜூலியன் தூர்னுவா என்ற தாவரவியலாளர் கஞ்சாவையும் ஹாப்ஸ் கொடியையும் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்துப் பார்த்தார். குளிர்காலத்தில் விதைத்தவை, ஆளாகும் முன்பே, குட்டியாக இருக்கும்போதே பூத்தன. வெளிச்சம் குறைந்ததுதான் காரணம் என்று நினைத்தவர், தொடர்ந்து பார்த்துவிட்டு 1914-இல் வேறொரு முடிவுக்கு வந்தார்: பகல் குறுகியதைவிட இரவு நீண்டதுதான் முக்கியம். பின்னாளில் சரியென்று தெரிந்த பதில் அது. ஆனால் அவர் முதல் உலகப் போரில் இறந்துபோனார். அந்தப் பதில் இருபது வருடத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்தது.

அப்புறம் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு பேர். அவர்களிடம் 'மேரிலாண்ட் மம்மத்' என்று ஒரு புகையிலை ரகம் இருந்தது. கோடை முழுக்க ஆள் உயரத்தைத் தாண்டி வளருமே தவிரப் பூக்காது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்தால் சமர்த்தாகப் பூக்கும். வெப்பம், ஈரம், சத்து என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள், எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் 1918 கோடையில், தோட்டத்தில் இருட்டான ஒரு சிறு கொட்டகை போட்டு, சாயங்காலமே தொட்டிகளை உள்ளே தூக்கி வைத்து, காலையில் தாமதமாக வெளியே எடுத்தார்கள். நாள் முழுக்க வெளியே நின்ற செடிகள் வளர்ந்துகொண்டே போக, கொட்டகைக்குள் போய்வந்தவை பூத்தன. 1920-இல் இதை வெளியிட்டபோது அவர்கள் வைத்த பெயர்தான் இன்றைக்கும் புழங்குகிறது. தமிழ்ப் பாடப்புத்தகங்களில் அது ஒளிக்காலத்துவம்: பகல், இரவு நீளத்தைப் பொறுத்துச் செடி பூப்பது.

பகல் குறுகும்போது பூப்பவை குறும்பகல் தாவரங்கள், பகல் நீளும்போது பூப்பவை நெடும்பகல் தாவரங்கள், எப்படி இருந்தாலும் கவலைப்படாமல் பூப்பவை பகல்நீளம் சாராதவை. சாமந்தி முதல் வகை, ஸ்பினாச் கீரை இரண்டாவது, தக்காளி மூன்றாவது. பெயர்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் செடி உண்மையில் அளப்பது பகலை இல்லை. பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

செடி அளப்பது இரவை

1938-இல் ஹேம்னர், பானர் என்ற இருவர் மருளூமத்தை எடுத்துக்கொண்டார்கள். துணியில் ஒட்டிக்கொள்ளும் முள்காய் உள்ள அதே களைச்செடிதான். அதற்குக் குறைந்தது ஏறத்தாழ எட்டரை மணி நேர இருட்டு தேவை. ஒரே ஓர் இரவு அப்படிக் கிடைத்தால்கூடப் போதும். சரி, பகலின் நடுவே கொஞ்ச நேரம் இருட்டாக்கினால்? ஒன்றும் ஆகவில்லை. இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டால்? பூப்பது நின்றுவிட்டது. மொத்த இருட்டு நேரத்தில் சில நிமிடம்தான் குறைந்தது. ஆனாலும் செடிக்கு அது ஒரு நீண்ட இரவாக இல்லாமல் இரண்டு சின்ன இரவுகளாகிவிட்டது. ஆக, செடிக்கு வேண்டியது இடையில் உடையாத இருட்டு.

இந்த இருட்டை உணர்வது மொட்டு வரப்போகும் நுனி இல்லை, இலை. சோவியத் ஒன்றியத்தில் 1930-களில் மிகாயில் சைலாக்யான் என்பவர் இதைச் சாமந்தியிலேயே காட்டினார். கீழே இருக்கும் இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவும், இலை கிள்ளிய நுனிக்குக் குறுகிய இரவும் கொடுத்தார், செடி பூத்தது. மாற்றிக் கொடுத்தபோது பூக்கவில்லை. அப்படியென்றால் இலையில் ஏதோ ஒன்று உண்டாகி, தண்டு வழியாக நுனிக்குப் போகிறது. அதற்கு ஃபுளோரிஜென் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த பிறகு எழுபது வருடம் அது யார் கையிலும் சிக்கவில்லை. 2007-இல்தான் அது எஃப்.டி. என்ற சிறிய புரதம் என்று தெளிவாயிற்று.

இலைக்குள் இருட்டை உணர்வது பைட்டோகுரோம் என்ற நிறமி. சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவத்துக்கு மாறும். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் தொலைசிவப்பு ஒளி பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இருட்டிலும் மெதுவாகத் திரும்பும். அதனால் முதலில் இதை ஒரு மணல் கடிகாரமாகத்தான் நினைத்தார்கள்: சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடியும்வரை மணல் கொட்டும். பிறகு பார்த்தால் விஷயம் அத்தனை எளிதில்லை. செடிக்குள் நம்மைப்போலவே ஒரு நாள்கடிகாரம் ஓடுகிறது. வெளிச்சம் அந்தக் கடிகாரத்தின் எந்த நேரத்தில் படுகிறது என்பதும் சேர்ந்தே முடிவாகிறது. தொடக்கநிலைக்கு இவ்வளவு போதும். கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: நள்ளிரவில் சில நிமிடம் படும் சிவப்பு கலந்த வெளிச்சம், சாயங்காலம் அரை மணி நேரம் கூடுதலாக இருக்கும் வெயிலைவிடப் பெரிய குழப்பம் செய்யும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் மாடிப்படி ஓரமாக ஒரு சாமந்தித் தொட்டி வைத்திருந்தேன். படிக்கட்டு விளக்கு இரவு முழுக்க எரியும். செடியின் ஒரு பக்கம், சுவரின் நிழலில் இருந்த பக்கம், மொட்டு விட்டு நிறம் காட்ட ஆரம்பித்தது. விளக்கைப் பார்த்த பக்கம் பச்சைப்பசேலென்று இலையாகவே நின்றது. ஒரே வேர், ஒரே தண்ணீர், ஒரே உரம். கத்தரிக்கோலால் கோடு கிழித்த மாதிரி பாதிப் பாதி. நானும் அந்தப் பாதியில் பூச்சி விழுந்துவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன்.

பூஜ்ஜிய நாள்

இப்போது வாரக் கணக்குக்கு வரலாம். செடிக்குத் தேவையான அளவு நீண்ட, உடையாத இரவு எந்த நாளில் முதன்முதலாகக் கிடைத்து, அதன்பின் தினமும் தொடர்ந்ததோ, அந்த நாள்தான் பூஜ்ஜியம்.

மூடி வளர்ப்பவர்களுக்கு இது சுலபம். சாமந்தி வளர்க்கும் கூடங்களில் சாயங்காலம் 5 மணிக்குக் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு மறுநாள் காலை 8 மணிக்கு விலக்குவார்கள். துணி முதலில் விழுந்த நாள் பூஜ்ஜியம். வீட்டில் ஒரு தொட்டி என்றால் ஒளி புகாத அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாலே போதும். உள்ளே புழுங்காமல் இருக்க, வெயில் நன்றாகத் தணிந்த பிறகு கவிழ்க்க வேண்டும்.

திறந்த வெளியில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். சாமந்தி பகல் சுமார் பதினாலரை மணி நேரத்துக்குக் கீழே இறங்கும்போது மொட்டுக்கு அடிபோடும். அந்த மொட்டு நன்றாக வளர்ந்து விரிய பகல் பதின்மூன்றரைக்கும் கீழே வர வேண்டும். சூரியன் மறைந்ததும் செடிக்கு உடனே இருட்டாகிவிடாது. அந்தி வெளிச்சத்துக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் கழிக்க வேண்டும். அதனால் வெளியில் பூஜ்ஜியம் ஒரு நாளாகக் கிடைக்காது, ஒரு வாரமாகக் கிடைக்கும். பரவாயில்லை, அந்த வாரத்தின் நடுநாளைப் போட்டுக்கொண்டால் போதும்.

இந்த எண்களை வைத்துப் பூமியைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 50 பாகை வட அட்சத்தில் ஜூன் பகல் பதினாறு மணி நேரத்தைத் தாண்டும், டிசம்பரில் எட்டாகச் சுருங்கும். அங்கே சாமந்தி கோடை முழுக்க வளர்ந்து இலையுதிர்காலத்தில் பூப்பது தானாக நடக்கும். நிலநடுக்கோட்டில் வருடம் முழுக்கப் பகல் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம்தான். அங்கே குறும்பகல் செடிக்கு முதல் நாளிலிருந்தே பூஜ்ஜியம் ஓடிக்கொண்டிருக்கும். சாண் உயரத்திலேயே மொட்டு வந்துவிடும். அதனால் அந்தப் பக்கங்களில் வளர்ப்பவர்கள் இரவில் விளக்குப் போட்டுப் பூப்பதைத் தள்ளிவைக்கிறார்கள். பெரிய பண்ணைகளில் இரவு 10 மணியிலிருந்து 2 மணிவரை விளக்கு எரியும். நெல்லிலும் இதே கதைதான். பழைய ரகங்கள் பல குறும்பகல் செடிகள், பருவம் தவறி விதைத்தால் கதிர் வரும் காலம் குழம்பும். 1966-இல் வந்த ஐ.ஆர். 8 ரகத்துக்குப் பகல் நீளம் ஒரு பொருட்டே இல்லை. அதை எந்தப் பருவத்திலும் விதைக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வாரவாரம் என்ன தெரியும்

சாமந்தி ரகங்களை விற்பவர்கள் அவற்றை வாரக் கணக்கிலேயே பிரித்து வைத்திருப்பார்கள். எட்டு வார ரகம் என்றால் முதல் நீண்ட இரவிலிருந்து எட்டு வாரத்தில் பூ. ஆறு வாரத்திலிருந்து பதினைந்து வாரம்வரை ரகங்கள் உண்டு. ஒன்பது வார ரகம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. இதுதான் புதியவர்களின் பொறுமையைச் சோதிக்கும் வாரம். உள்ளே நுனியின் கூம்பு அகன்று தட்டையாகிக்கொண்டிருக்கும். அதை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். இரண்டாவது வாரத்தில், தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மட்டும், நுனி இலைகள் வழக்கத்தைவிடச் சின்னதாக, மடல் குறைந்து வருவது தெரியும். தண்டு நீளும். இந்த நேரத்தில் "இன்னும் ஒன்றும் நடக்கவில்லை" என்று பெட்டியைக் கவிழ்ப்பதை நிறுத்திவிட்டால் கதை கெட்டது. மூன்றாவது, நாலாவது வாரத்தில் நுனியை மெல்ல விரித்துப் பார்த்தால் பச்சைப் பொத்தான் மாதிரி ஒன்று தட்டுப்படும், கடுகைவிடச் சற்றுப் பெரிது. அதுதான் மொட்டு.

இங்கேதான் பலர் எண்ணத் தொடங்குகிறார்கள். மொட்டைப் பார்த்த நாளை முதல் வாரம் என்று எழுதிவிடுவார்கள். அப்படி எண்ணியவரின் ஐந்தாவது வாரமும் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணியவரின் எட்டாவது வாரமும் ஒன்றாக இருக்கும். இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பேசினால் ஒருவர் செடி நோஞ்சான் என்றும் மற்றவர் செடி சூரன் என்றும் ஆகிவிடும். இரண்டும் ஒரே செடிதான்.

ஐந்தாவது வாரம் நுனி மொட்டைச் சுற்றிப் பக்க மொட்டுகள் தெரியும். ஒரே பெரிய பூ வேண்டுமென்றால் பக்க மொட்டுகளை இப்போதே நகத்தால் கிள்ள வேண்டும், தாமதித்தால் காம்பு முற்றிவிடும். ஆறு, ஏழு வாரங்களில் மொட்டு உருண்டு பட்டாணி அளவாகி, பச்சை மேலுறை விரிசல் விட்டு நிறம் எட்டிப்பார்க்கும். அதன்பின் வேகம்தான், ஓரத்து இதழ்கள் முதலில் நிமிரும், வட்டம் வட்டமாக உள்நோக்கி விரியும். ஒன்பதில் முழுப் பூ.

இரவு வெப்பம் அதிகமானால் இந்த அட்டவணை தள்ளிப்போகும். குறிப்பாகக் கறுப்புத் துணிக்குள் அனல் சேர்ந்தால் மொட்டு பிறந்தும் வளராமல் அப்படியே நிற்கும். இருட்டு சரியாக இருந்தும் வாரக் கணக்கு இழுத்தால் சந்தேகப்பட வேண்டியது வெப்பத்தைத்தான்.

கஞ்சாவிலும் கணக்கு இதே மாதிரிதான் ஓடுகிறது. வாரவாரம் குறிப்பெழுதும் வழக்கம் அதிகம் பேசப்படுவதும் அதைப் பற்றித்தான். 2018 முதல் கனடாவில் சட்டப்படி, பெரும்பாலான மாகாணங்களில், வீட்டுக்கு நாலு செடி. 2024 ஏப்ரல் முதல் ஜெர்மனியில் பெரியவர் ஒருவருக்கு மூன்று செடி. இந்தியாவில் 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதை வளர்ப்பது குற்றம், தொட்டியில் ஒன்று என்றாலும். தாவரவியலாகப் பார்த்தால், ஆண் செடி, பெண் செடி தனித்தனி. இரவு பன்னிரண்டு மணி நேரமானதும் முதல் இரண்டு மூன்று வாரம் தண்டு தடதடவென்று நீளும். பிறகு பெண் செடியின் கணுக்களில் வெள்ளை மயிர்போலச் சூல்முடிகள் தோன்றும், அவை கொத்தாகி, பின் பழுப்பாகிச் சுருளும். பூவைச் சுற்றி இருக்கும் சுரப்பித் தூவிகள் கண்ணாடிபோலத் தெளிவாகத் தொடங்கி, பால் நிறமாகி, கடைசியில் தேன் நிறமாகும். பல ரகங்களுக்கு எட்டிலிருந்து பத்து வாரம். இங்கேயும் அதே சண்டை உண்டு: சிலர் இரவை நீட்டிய நாளிலிருந்தும், சிலர் முதல் வெள்ளை மயிரைப் பார்த்த நாளிலிருந்தும் எண்ணுவார்கள். இடைவெளி ஒன்றிரண்டு வாரம். வடக்கே குட்டைக் கோடைகளில் வளரும் ஒரு வகையிலிருந்து உருவாக்கிய ரகங்கள் இரவு நீளத்தைக் கண்டுகொள்வதே இல்லை, வயது வந்தால் பூத்துவிடும். அவற்றுக்கு மட்டும் விதை முளைத்த நாள்தான் பூஜ்ஜியம்.

நோட்டில் என்ன எழுதுவது

நான் பார்த்த நல்ல நோட்டுகள் எல்லாம் சுருக்கமானவை. தேதி, வார எண், செடியின் உயரம், ஒரு மொட்டின் குறுக்களவு. ஒரு மொட்டு என்றால் ஒரே மொட்டு. அதன் காம்பில் சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டு ஒவ்வொரு வாரமும் அதையே அளக்க வேண்டும். நூல் கட்டாமல் அளந்தால் நம் கண் தானாகவே ஒவ்வொரு வாரமும் இருப்பதில் பெரிய மொட்டைத்தான் தேடிப் போகும், வளர்ச்சி ஓகோவென்று தெரியும். படம் எடுத்தால் ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள். காலையில் எடுத்த படத்தையும் சாயங்காலம் மஞ்சள் வெயிலில் எடுத்த படத்தையும் வைத்து இலை வெளுத்துவிட்டதா என்று பார்ப்பது வீண் வேலை.

கடைசியாக ஒரு கட்டம், "இரவில் நடந்தது" என்று. பெரும்பாலான வாரம் அது காலியாகவே இருக்கும். மின்சாரம் போய் வந்து விளக்கின் டைமர் மாறிப்போனது, விருந்தாளி வந்து மாடி விளக்கை விடியவிடிய எரியவிட்டது, பெட்டியைக் கவிழ்க்க மறந்து தூங்கிவிட்டது, இவையெல்லாம் அங்கே போக வேண்டியவை. ஓர் இரவு தவறினால் சாமந்தி பொறுத்துக்கொள்ளும், ஒன்றிரண்டு நாள் தள்ளிப் பூக்கும். வாரம் இரண்டு தடவை தவறினால் நுனியில் மொட்டுக்குப் பதிலாகக் குட்டிக் குட்டி இலைகள் சூழ்ந்த அரைகுறை ஒன்று வந்து நிற்கும். அதைப் பார்க்கும்போது எழுதி வைத்தது கைகொடுக்கும். காரணம் மூன்று வாரம் முன்பு நடந்திருக்கும், அதற்குள் நமக்கு மறந்திருக்கும்.

ஒரு பருவம் இப்படி எழுதிவிட்டால் அடுத்த பருவத்தில் கணக்கைப் பின்னாலிருந்து போடலாம். போன வருடம் இந்தச் செடிக்கு ஒன்பது வாரமும் நாலு நாளும் ஆனது, இரவுகள் புழுக்கமாக இருந்தன. இந்த வருடம் குறிப்பிட்ட ஒரு நாளில் பூ விரிந்திருக்க வேண்டும். அந்த நாளிலிருந்து பத்து வாரம் பின்னால் எண்ணி, காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, அன்று சாயங்காலம் பெட்டியைக் கவிழ்த்தால் சரி.